மைசூர் வெயிலும் முகப்பருவும்

மைசூரில் குடியேறிய தமிழர் எவரைக் கேட்டாலும், அவர் முதலில் புகழ்ந்து பேசுவது இந்த ஊரின் காற்றைத்தான். சேலத்திலும் திருச்சியிலும் வேலூரிலும் சித்திரை மாதத்தில் வெந்து தணிந்தவர்களுக்குச் சாமுண்டி மலையடிவாரத்து மாலைக் காற்று ஒரு வரப்பிரசாதமே ஆகும். "இங்கே வெயிலே தெரிவதில்லை" என்று ஊரிலுள்ள உறவினருக்குச் சொல்லாதவர் நம்மவருள் இல்லை. சொல் சரியானதே: தெரிவதில்லை. ஆனால் தெரியாத காரணத்தால் அது இல்லாமற் போய்விடுவதில்லை. கல்லூரிப் படிப்புக்காகவும், ஹெப்பாள் பகுதியிலுள்ள கணிப்பொறி நிறுவனத்தின் பயிற்சி நிலையத்துக்காகவும் தமிழ்நாட்டிலிருந்து ஆண்டுதோறும் இங்கு வந்து சேரும் இளம் பிள்ளைகள் பலர், இரண்டு மூன்று மாதங்களில் கண்ணாடி முன் நின்று கவலைப்படத் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உடம்பில் சுடுகின்ற வெப்பம் வேறு. தோலைக் கறுக்கச் செய்யும் புற ஊதாக் கதிர் வேறு. பின்னது கண்ணுக்கும் புலனாகாது; சுடவும் செய்யாது. குளிர்ந்த காற்று வெப்பத்தை ஆற்றுமேயன்றிப் புற ஊதாக் கதிரைத் தடுக்காது. மைசூர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 770 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. உயரம் 1000 மீட்டர் கூடினால் இக்கதிர்கள் சுமார் பத்து சதவிகிதம் மிகும் என்பது கணக்கு. ஆகவே சென்னையைவிட இங்கு அவை சற்றே அதிகம். குறைவு என்று எண்ண இடமில்லை. அன்றியும், மைசூரில் சூரியன் ஆண்டுக்கு இரு முறை நேர் உச்சிக்கு வருகிறது. முதல் முறை ஏப்ரல் மாதத்தின் பிற்பகுதி. அப்போது எல்லோரும் எச்சரிக்கையாய் இருக்கிறோம். இரண்டாம் முறை ஆகஸ்டு மாதத்தின் மூன்றாம் வாரத்தை ஒட்டி. அது மேகமூட்டமும் சாரலுமான காலம்; குடையைக்கூட மழைக்கென்றே எடுத்துச் செல்கிறோம். மெல்லிய மேகத்தின் வழியே புற ஊதாக் கதிர்களின் பெரும்பகுதி ஊடுருவி வந்துவிடும் என்பதைப் பலர் அறியார். கன்னடத்தில் வெயிலுக்குப் 'பிசிலு' என்று பெயர். நம் 'வெயில்' என்ற சொல்லின் உடன்பிறப்பே அது. பெயர் மாறியதேயொழிய ஆள் மாறவில்லை!

இனி முகப்பருவைப் பார்ப்போம். தோலிலுள்ள ஒவ்வொரு மயிர்க்காலையும் ஒட்டி எண்ணெய்ச் சுரப்பி ஒன்று இருக்கிறது. பருவ வயதில் அது மிகுதியாகச் சுரக்கிறது. உதிர வேண்டிய தோல் அணுக்கள் உதிராமல் ஒட்டிக்கொண்டு துவாரத்தை அடைக்கின்றன. அடைபட்ட எண்ணெயில் ஒருவகை நுண்ணுயிர் பெருகுகிறது, சிவந்து வீங்குகிறது. இது அழுக்கினால் வருவதன்று. நாளுக்குப் பத்து முறை சோப்புப் போட்டுக் கழுவுவதால் போவதுமன்று.

பரு சில வாரங்களில் ஆறிவிடும். நம்முடைய துயரம் அதன் பிறகே தொடங்குகிறது. வெள்ளைத் தோலினர்க்குப் பரு ஆறிய இடம் சிவந்திருந்து மறையும். நம்மைப் போன்ற மாநிறத்தவர்க்கும் கருநிறத்தவர்க்கும் அந்த இடத்தில் கரும்பொட்டு ஒன்று தங்குகிறது. வீக்கம் கண்ட இடத்தில் நிறமிகள் மிகுதியாகச் சேர்ந்துவிடுவதே இதன் காரணம். வெயிலில் படாதிருந்தால் இப்பொட்டுகள் மாதக் கணக்கில் மெல்ல மங்கும். வெயில் பட்டுக்கொண்டே இருந்தால் மேலும் கருத்து நீடிக்கும். "பரு போய்விட்டது, கறை போகவில்லை" என்று பிள்ளைகள் அலுத்துக்கொள்வது இதைத்தான்.

இந்த இடத்தில்தான் சன்ஸ்கிரீன் எனப்படும் வெயிற்காப்புக் களிம்பு நமக்குப் பயன்படுகிறது. பயன் என்ன என்பதை முதலிலேயே தெளிவாக வரையறுத்துக்கொள்வது நலம். அது நம்மை வெளுக்கச் செய்வதற்கன்று. இருக்கிற கறை மேலும் கறுக்காமல், தானே மங்குவதற்கு இடங்கொடுப்பதற்கே. பருவும் கறையும் இல்லாத மாநிறத்தவர் ஒருவர், "எனக்கும் இது வேண்டுமா?" என்று கேட்டால், பெரும்பாலும் குடை போதும் என்பதே என் விடை. தோலின் கருநிறமே ஓரளவுக்கு இயற்கை தந்த காப்பு. ஆனால் பரு வரும் முகத்துக்கு அந்தக் காப்பே கறையாக மாறிவிடுகிறது.

கடைக்குச் சென்றால் அட்டையின் மேல் பெரிய எழுத்தில் ஓர் எண் காணப்படும்: எஸ்.பி.எப். 15, 30, 50 என்று. இந்த அளவை 1970-களில் பரவச் செய்தவர் பிரான்ஸ் கிரைட்டர் என்னும் ஐரோப்பிய ரசாயன நிபுணர். களிம்பு பூசாத தோல் வெயிலில் சிவப்பதற்கு எவ்வளவு கதிர் வேண்டும், பூசிய தோல் சிவப்பதற்கு எவ்வளவு வேண்டும் என்ற விகிதமே இந்த எண். சிவப்பதைக் கொண்டு அளப்பது என்றால், எளிதில் சிவக்கும் வெளிறிய தோலைக் கொண்டு அளப்பது என்று பொருள். நமக்கோ சிவப்பது தொல்லையன்று, கறுப்பதே தொல்லை. ஆகவே இந்த எண் பெரும்பாலும் பிறருடைய தொல்லையை அளக்கும் எண் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். எண் 30 உள்ள களிம்பு, தோலைச் சிவக்கச் செய்யும் கதிர்களில் சுமார் 97 சதவிகிதத்தையும், 50 உள்ளது சுமார் 98 சதவிகிதத்தையும் தடுக்கின்றன. ஒரு சதவிகிதத்துக்காக இரட்டிப்பு விலை கொடுப்பது வீண். 30-க்குக் குறையாமலும் 50-க்கு மேல் ஆசைப்படாமலும் இருந்தால் போதும்.

நமக்கு இன்றியமையாத குறியீடு வேறொன்று. புற ஊதாக் கதிர்களில் 'பி' வகை தோலைச் சிவக்கச் செய்வது. 'ஏ' வகை ஆழச் சென்று கருமையை மிகுவிப்பது. 'ஏ' வகையைச் சாதாரணக் கண்ணாடியும் தடுப்பதில்லை. பெங்களூருக்குப் பஸ்ஸில் மூன்று மணி நேரம் ஜன்னலோரம் அமர்ந்து செல்பவர், "கண்ணாடியை மூடிவிட்டேன், வெயில் படாது" என்று எண்ணுவது பாதி உண்மையே. இந்த 'ஏ' வகைக்கு எதிரான காப்பை அளக்க ஜப்பான் நாட்டில் 1996-ஆம் ஆண்டில் ஏற்படுத்திய குறியீடு நம் நாட்டுக் களிம்புகளிலும் அச்சிடப்படுகிறது. பி.ஏ. என்ற எழுத்துகளும், அவற்றுக்குப் பக்கத்தில் கூட்டல் குறிகளும் இருக்கும். மூன்று அல்லது நான்கு கூட்டல் குறிகள் உள்ளதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'பிராட் ஸ்பெக்ட்ரம்' என்ற சொற்களும் இருத்தல் வேண்டும். இருவகைக் கதிரையும் தடுப்பது என்று அதற்குப் பொருள்.

இத்துடன் முடிந்ததென்றால் இந்தப் பேச்சுக்கே தேவையில்லை. கதிரைத் தடுக்கும் பொருளை ஏந்தி நிற்கும் அடிப்பொருள் ஒன்று உண்டல்லவா? பரு வரும் முகத்துக்கு நன்மையோ தீமையோ பெரும்பாலும் அதனால்தான் விளைகிறது. கடலில் குளிக்கும் வெளிநாட்டார்க்கென ஆக்கப்பெற்ற பழைய களிம்புகள் தண்ணீரில் கரையாதிருக்க எண்ணெய்ப் பசையுடன் கனமாகச் செய்யப்பட்டன. அத்தகையதைப் பரு முகத்தில் பூசினால் துவாரங்கள் மேலும் அடைபடும். முகப்பூச்சுகளாலேயே பரு உண்டாகும் என்பதை 1972-ஆம் ஆண்டில் கிளிக்மன், மில்ஸ் என்ற இரு அமெரிக்கத் தோல் ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்காட்டி, அதற்கு 'ஒப்பனைப் பரு' என்று பொருள்படும் பெயரையும் சூட்டினார்கள். இப்பரு பூசிய மறுநாளே வருவதன்று. வாரங்களும் மாதங்களும் கழித்துச் சிறு சிறு மணிகளாய்த் தோன்றும். அதனாலேயே காரணம் தெரியாமல், பருவை மறைக்க மேலும் அதே களிம்பைப் பூசிக்கொண்டிருப்பார்கள்.

எண்ணெய் மிகுந்த முகத்துக்கு ஜெல் வடிவிலோ, தண்ணீரைப் போல் எளிதில் பரவும் நீர்மமாகவோ உள்ள சன்ஸ்கிரீன் ஏற்றது. ஆனால் எல்லா ஜெல்லும் நல்லதென்று எண்ணிவிடலாகாது. சிலவற்றில் ஆல்கஹால் மிகுதி. பருவுக்கு மருந்து பூசித் தோல் உலர்ந்து உரியும் நிலையில் இருப்பவர்க்கு அது எரிச்சலைத் தரும். அவர்களுக்கு மெல்லிய லோஷன் வகையே உகந்தது. 'நான்-காமெடோஜெனிக்' என்ற சொல்லை அட்டையில் தேடலாம். துவாரத்தை அடைக்காதது என்பது அதன் பொருள். எனினும் இது செய்பவரே தம் சரக்குக்குக் கூறிக்கொள்ளும் நற்சாட்சி. எந்தச் சோதனைக்குப் பின் இதை அச்சிடலாம் என்று சட்டம் வரையறுக்கவில்லை. பழைய சோதனைகள் முயலின் காதில் பூசிப் பார்த்துச் செய்தவை; முயலின் காதோ மனிதர் முகத்தைவிட எளிதில் அடைபடக்கூடியது. அச்சொல் இல்லாததைவிட இருப்பது மேல். அதற்கு மேல் அதை நம்ப வேண்டியதில்லை.

நம்பத் தக்க சோதனை நம் முகமே. சிறிய டியூப் ஒன்றை வாங்கித் தாடையின் ஒரு பக்கத்தில் நான்கைந்து நாட்கள் பூசிப் பார்க்கலாம். அரிப்பும் எரிச்சலும் உண்டாகுமானால் அதற்குள் தெரிந்துவிடும். பிறகு முகம் முழுவதும் பூசி, மூன்று நான்கு வாரங்கள் பொறுத்திருக்க வேண்டும். அந்த நாட்களில் சோப்பையும் மற்றக் களிம்புகளையும் மாற்றலாகாது. ஒரே வாரத்தில் மூன்று புதுப் பொருள்களைத் தொடங்கிவிட்டு, எது கெடுத்தது என்று கேட்டால் யார் விடை கூற முடியும்?

சன்ஸ்கிரீனில் துத்தநாக ஆக்ஸைடு, டைட்டானியம் டையாக்ஸைடு ஆகிய கனிமப் பொடிகள் சேர்ந்தவை ஒரு வகை. கதிரை ஈர்த்துக்கொள்ளும் ரசாயனங்கள் சேர்ந்தவை மற்றொரு வகை. கனிம வகை கண்ணில் பட்டாலும் அதிகம் எரியாது. எளிதில் சிவக்கும் பரு முகத்துக்கும் சாதுவானது. ஆனால் நம் நிறத்தின் மேல் அது சாம்பல் பூசினாற்போல் தோன்றும். பிள்ளைகள் வெட்கப்பட்டு, தொட்டும் தொடாமலும் பூசி நிறுத்திவிடுவார்கள். இதற்கு மாற்று, இரும்பு ஆக்ஸைடு சேர்ந்து பழுப்பு நிறமாய் வரும் சன்ஸ்கிரீன். கடைகளில் 'டின்டெட்' என்று கேட்க வேண்டும். வெறும் அழகுக்காக இதைச் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளியும், சிறப்பாக அதிலுள்ள நீல ஒளியும், கருநிறத் தோலில் கறையை மிகுவிக்கும் என்பது 2010-ஆம் ஆண்டை ஒட்டி நடந்த ஆராய்ச்சிகளில் தெளிவாயிற்று. வெள்ளைத் தோலில் அத்தகைய கருமை காணப்படவில்லை. நிறமற்ற சன்ஸ்கிரீன் இவ்வொளியைத் தடுப்பதில்லை. இரும்பு ஆக்ஸைடு தடுக்கும். கறை மிகுந்தவர்கள் இவ்வகையை நாடுவது பயனுடையது. நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கடையின் மின்விளக்கை நம்பாமல், கழுத்தில் சிறிது தடவிக்கொண்டு வாசலுக்கு வந்து பகல் ஒளியில் பாருங்கள்.

எதை வாங்கினாலும், பூசும் அளவு குறைந்தால் அட்டையிலுள்ள எண் பொய்யாகிவிடும். ஆய்வுக்கூடத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசியே அந்த எண்ணைக் கண்டறிகிறார்கள். நாம் வழக்கமாகப் பூசுவது அதில் பாதியோ அதனினும் குறைவோதான். வீட்டுக் கணக்காகக் கூறினால், ஆட்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனிவரை ஒவ்வொரு கோடு இட்டால் எவ்வளவோ அவ்வளவு, முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு வேளைக்கு வேண்டும். ஏறக்குறைய ஒரு கிராமுக்கு மேல் ஆகும். அப்படியானால் 50 கிராம் டியூப் ஒன்று, நாளுக்கு ஒரு வேளை பூசினாலும் ஒன்றரை மாதத்துக்கு மேல் வராது. "நான் வாங்கியது ஆறு மாதம் வந்தது" என்று சிக்கனத்தைப் பாராட்டிக்கொள்பவருக்கு அது வெயிலைத் தடுக்கவே இல்லை. ஆகையால் விலை உயர்ந்ததைச் சிறிது சிறிதாகப் பூசுவதைவிட, கைக்கு அடங்கிய விலையில் ஒன்றை வாங்கித் தாராளமாகப் பூசுவதே அறிவுடைமை. வெளியில் நெடுநேரம் இருப்பவர் இரண்டு மணிக்கு ஒரு முறை மீண்டும் பூச வேண்டும். அலுவலகத்துக்குள்ளேயே இருப்பவர் காலையில் ஒரு முறையும், மதியம் வெளியே போக நேர்ந்தால் மறுமுறையும் பூசினால் போதும். இரவில் மிருதுவான சோப்பு நீரால் கழுவிவிட வேண்டும். தேய்த்துக் கழுவினால் பரு மிகும்.

பருவுக்கு மருந்து உட்கொள்பவர் இதில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். டிரெட்டினாயின், அடாபலீன் போன்ற பூச்சு மருந்துகளும், டாக்ஸிசைக்ளின் மாத்திரையும் தோலை வெயில் தாங்காததாக்கும். இவற்றை எழுதித் தரும் மருத்துவர் சன்ஸ்கிரீனையும் சேர்த்து எழுதுவது இதனால்தான்; அது விலை உயர்ந்த ஆடம்பரம் என்று மருந்துச் சீட்டிலிருந்து அடித்துவிடக் கூடாது.

இப்போது சற்று வருத்தத்துடன் ஒரு செய்தியைக் குறிப்பிட வேண்டியிருக்கிறது. வேற்றூரில் தனித்து வாழும் பிள்ளையிடம் வீட்டார் தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசும்போது, சாப்பிட்டாயா என்பதற்கு அடுத்த கேள்வி "ஏன் இப்படிக் கறுத்துவிட்டாய்?" என்பதாக இருக்கிறது. பெண்ணாயிருந்தால், வரன் பார்க்கும் பேச்சும் கூடவே எழும். மொழி நன்கு பழகாத ஊரில், எந்த மருத்துவரிடம் போவது என்று அறியாத அந்தப் பிள்ளை, தெருமுனை மருந்துக் கடையில் பருவைக் காட்டி ஏதேனும் கொடுங்கள் என்று கேட்கிறது. கிடைப்பது பல சமயங்களில் ஸ்டீராய்டு கலந்த களிம்பு. பத்தே நாளில் பரு அடங்கும், முகம் வெளுக்கும், ஊரார் வியப்பர். சில மாதங்களில் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் தெரியலாகும். வெயில் பட்டால் எரியும். முகத்தில் மயிர் முளைக்கும். களிம்பை நிறுத்தினாலோ, முன்னினும் பன்மடங்காகப் பரு வெடிக்கும். அதற்கு அஞ்சி மீண்டும் அதையே பூசுவார்கள். இந்தத் தீமை நாடெங்கும் பரவியதைக் கண்டு, 2018-ஆம் ஆண்டில் மத்திய அரசு இவ்வகைக் களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாதென விதித்தது. விதி இருந்தும் வாங்குவோர் இருக்கின்றனர். பெட்டாமெத்தஸோன், மொமெட்டஸோன், குளோபெட்டசால் என்ற பெயர்களுள் ஏதேனும் ஒன்று டியூபின் பின்புறத்தில் இருக்குமானால், அது முகப்பருவுக்கு உரியதன்று. ஏற்கெனவே பல மாதம் பூசி வந்தவர், தாமாகத் திடீரென்று நிறுத்தாமல் தோல் மருத்துவரைக் கலந்துகொண்டு படிப்படியாக விடுவதே நல்லது. சன்ஸ்கிரீன் வாங்கும்போதும், வெளுக்க வைக்கும் என்று விளம்பரம் செய்யும் வகையை ஒதுக்கிவிடலாம். 1975-ஆம் ஆண்டு முதல் வீட்டுக்கு வீடு புகுந்த 'ஃபேர் அண்டு லவ்லி' களிம்பே 2020-ஆம் ஆண்டில் தன் பெயரிலிருந்து வெண்மையைக் குறிக்கும் சொல்லை எடுத்துவிட்டது. நம் வீட்டுத் தொலைபேசிப் பேச்சிலிருந்து அது எப்போது எடுபடுமோ!

மைசூரில் இருந்துகொண்டு சந்தனத்தைப் பற்றிப் பேசாமல் இருக்கலாகாது. முதல் உலகப் போரின் காரணமாகச் சந்தன மரம் ஏற்றுமதியாகாமல் தேங்கியபோது, நான்காம் கிருஷ்ணராஜ உடையாரும் விசுவேசுவரய்யாவும் அதிலிருந்து எண்ணெயும் சோப்பும் செய்ய ஏற்பாடு செய்த வரலாறு இந்த ஊர்க்காரர் ஒவ்வொருவருக்கும் பெருமை. அரைத்த சந்தனம் முகத்துக்குக் குளிர்ச்சி, மணமும் இனிது. ஆனால் அது புற ஊதாக் கதிரை வேண்டிய அளவு தடுப்பதில்லை. சந்தனம் பூசிக்கொண்டு வெயிலில் நடப்பவர் குளிர்ச்சியினால் ஏமாறுகிறார், மைசூர்க் காற்றினால் ஏமாறுவது போலவே. எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தடவுவது இன்னும் கெடுதல். சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்புளமும் கரிய தழும்பும் உண்டாகும். தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெயும் நெற்றியில் வழியுமானால் மயிரோரத்தில் வரிசையாகப் பரு எழும். எண்ணெயை விடச் சொல்லவில்லை. நெற்றியில் இறங்காமல் அளவாக வைத்துக்கொண்டால் போதும்.

ஜாவா, யெஸ்டி மோட்டார் சைக்கிள்கள் செய்த ஊர் இது. இன்றும் இரு சக்கர வண்டி இல்லாத வீடு அரிது. ஹெல்மெட்டின் வாரும் உட்புறமும் வியர்வையுடன் உராயும் தாடையிலும் நெற்றியிலும் பரு வருவதுண்டு. அதைச் சன்ஸ்கிரீனின் குற்றமாக எண்ணி நல்ல களிம்பைத் தூக்கி எறிந்தவர்களும் உண்டு. உட்பஞ்சை வாரந்தோறும் துவைத்து, அடியில் மெல்லிய பருத்தித் துணி ஒன்றைக் கட்டிக்கொண்டு பாருங்கள். மற்றபடி, காலை பத்து மணி முதல் மாலை நான்கு மணி வரை நடந்து போக நேர்ந்தால் குடையைப் போன்ற துணை வேறில்லை. சாமுண்டி மலைப் படிகளை ஏற விரும்புவோர் விடியற்காலையில் ஏறிவிடுவது முகத்துக்கும் நல்லது, முழங்காலுக்கும் நல்லது.

பரு பெரிய கட்டிகளாய் வலித்தாலும், குழி விழும் தழும்பாக ஆறினாலும், சன்ஸ்கிரீனைப் பற்றிய ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும். மைசூர் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த கே.ஆர். ஆஸ்பத்திரியில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. கன்னடத்தில் பருவுக்கு 'மொடவெ' என்று பெயர்; அந்த ஒரு சொல்லும், முகத்தைச் சுட்டும் விரலும் போதும். போகும்போது, இதுவரை பூசிய களிம்பு, எண்ணெய், சோப்பு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். காலியான டியூபாயிருந்தாலும் பரவாயில்லை. அதன் பின்புறத்தில் உள்ளதை மருத்துவர் படித்துக்கொள்வார்.